விடுதலையைப் பாடிவிட்டுப் பயத்தோடு வீடு திரும்புகிறேன்: கிறிஸ்து தரும் விடுதலை என்பது எது?

வழுக்கையாறு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மூன்று கிழமைகளாக மனத்தில் சுமந்து திரியும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். வேதாகமத்தை முறையாகப் படித்தவர்களும், படிக்காவிட்டாலும் அதை வாழ்ந்து பார்த்தவர்களும் மறுமொழி எழுதினால் நன்றியுடையவளாயிருப்பேன்.

என் அம்மா தென்னிந்திய திருச்சபையைச் சேர்ந்தவர். அப்பா சைவர்; திருமணத்துக்குப் பின்னும் சைவராகவே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஆலயத்துக்குப் போவதும், தைப்பொங்கலன்று அப்பாச்சி வீட்டு முற்றத்தில் பொங்கல் பானைக்கு அருகில் நிற்பதும் சிறுவயதில் எனக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், படித்து முடித்தும் வேலை கிடைக்காமல் மனம் சோர்ந்திருந்த காலத்தில், சிநேகிதி ஒருத்தி என்னை ஒரு ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துச் சென்றாள். கிறிஸ்துவை அம்மாவின் ஆண்டவராக அல்லாமல் என் ஆண்டவராக நான் அறிந்துகொண்டது அங்கேதான். அந்த நாளை நான் ஒருபோதும் மறுதலிக்கமாட்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு கிழமையும் விடுதலையைப் பற்றியே பேசுவார்கள். கடனிலிருந்து விடுதலை, வருத்தத்திலிருந்து விடுதலை, தலைமுறைச் சாபக்கட்டிலிருந்து விடுதலை. அதோடு சேர்ந்தே விதிகளும் வரும். பொட்டு வைக்கலாகாது, படைத்த பொங்கலை உண்ணலாகாது, சைவ உறவினரின் கிரியைகள் நடக்கும் இடத்தில் நிற்கலாகாது. நின்றால் அறுத்த கட்டு மீண்டும் கட்டப்படும் என்பார்கள்.

மூன்று கிழமைகளுக்கு முன்னர் என் அப்பாச்சி காலமானார். அம்மா வேலைக்குப் போன காலத்தில் என்னை வளர்த்தவர் அவர்தான். செத்தவீட்டில் பேரப்பிள்ளைகள் எல்லோரும் பந்தம் பிடித்தார்கள்; பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். நான் மட்டும் வேலியோரம் நின்றேன். அப்பா ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. அவரை இழந்த துக்கம் ஒரு பக்கம் இருக்க, நான் நின்ற இடம் போதிய தூரமா, கட்டு மீண்டும் வந்திருக்குமா என்ற பயமும் கூடவே இருக்கிறது. அடுத்த கிழமை கீரிமலைத் தீர்த்தக்கரையில் அந்தியேட்டி, இறந்தவருக்கான சைவக் கிரியை. அப்பா என்னை வரச் சொல்லவுமில்லை, வரவேண்டாம் என்று சொல்லவுமில்லை.

இந்த நாட்களில் கலாத்தியர் 5:1 வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். “நீங்கள் மறுபடியும் அடிமைத்தனத்தின் நுகத்துக்குட்படாமல், கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்” என்று அதில் இருக்கிறது. முன்பு எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. அப்படியானால் நான் பெற்றது என்ன? எங்கள் ஊரில் விடுதலை என்ற சொல்லைக் கேட்டால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வேறொன்று; அந்தச் சொல்லுக்காக இந்த மண் கொடுத்தது கொஞ்சமல்ல. ஆகையால் அதை இலகுவாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கிறிஸ்துவுக்குள் விடுதலை என்பது உண்மையில் எதிலிருந்து, எதற்காக?

ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர் எழுதுகிறார்:

பிள்ளை, முதலில் உங்கள் அப்பாச்சியின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடசாலையில் கிறிஸ்தவ சமய பாடம் கற்பித்தவன். ஓய்வு பெற்ற பின் கிரேக்க மூலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வருகிறேன். பதில் நீண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வேதாகமம் ‘விடுதலை’ என்று தருகிற இடங்களிலெல்லாம் மூலத்தில் ஒரே சொல் நிற்பதில்லை. நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் புத்தகத்தை வாசித்து, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்று அறிவித்தபோது (லூக்கா 4:18) அங்கே வருவது ‘அஃபெசிஸ்’ என்ற சொல். அதே சொல்லைத்தான் வேறு இடங்களில் ‘மன்னிப்பு’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். கட்டை அவிழ்த்து விடுவதும் குற்றத்தைப் பாராமல் விடுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. ‘மீட்பு’ என்பது வேறு. அது விலை கொடுத்துத் திருப்பி எடுப்பது. அடைவு வைத்த தாலிக்கொடியை வட்டியும் முதலும் கட்டி மீட்டு வருகிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது சொல் ‘எலெயுதெரியா’. இது அடிமையாயிருப்பதற்கு எதிரான நிலையைச் சொல்வது. நீங்கள் காட்டிய கலாத்தியர் வசனத்தில் அது ‘சுயாதீனம்’ என்று வருகிறது. “கர்த்தருடைய ஆவி எங்கேயோ அங்கே விடுதலையுமுண்டு” என்ற 2 கொரிந்தியர் 3:17 இலும், யோவான் 8 ஆம் அதிகாரத்திலும் அதே சொற்குடும்பம் ‘விடுதலை’ என்று வருகிறது.

‘சுயாதீனம்’ என்றால் தன் வசமாயிருத்தல். இந்தச் சொல் என்னை எப்போதும் சற்றே தடுமாற வைக்கும், ஏனென்றால் “நீங்கள் உங்களுடையவர்களல்ல” என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். பிறர் கையிலிருந்து என்னை வாங்கி என் கையிலே தருவதை அவர் விடுதலை என்று கருதியிருக்க முடியாது. ‘விடுதலை’ என்ற தமிழ்ச் சொல் அதைவிட நன்றாகப் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது. அது ‘விடு’ என்ற வினையிலிருந்து வந்தது. முத்தியைக் குறிக்கும் ‘வீடு’ என்ற சொல்லும் அதே வினையிலிருந்துதான் வந்தது. இனி யோவான் 8 ஐ எடுத்துப் பாருங்கள். “குமாரன் உங்களை விடுதலையாக்கினால் மெய்யாகவே விடுதலையாவீர்கள்” என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முந்திய வசனத்தை யாரும் சுவரில் எழுதி மாட்டுவதில்லை: “அடிமையானவன் என்றைக்கும் வீட்டிலே நிலைத்திரான், குமாரன் என்றைக்கும் நிலைத்திருக்கிறான்.” அடிமைக்கு அந்த வீட்டில் வேலை இருக்கிறது, உணவு இருக்கிறது, சில வேளைகளில் எசமானின் பாசமும் கூட இருக்கலாம்; ஆனால் நாளைக்கு விற்கப்படமாட்டேன் என்ற உறுதி மட்டும் இல்லை. பிள்ளைக்கு அந்த உறுதி இருக்கிறது. இயேசு அங்கே பேசுகிற விடுதலை, பிதாவின் வீட்டில் இனி வெளியே தள்ளப்படுவேனோ என்ற பயமில்லாமல் இருப்பதுதான்.

(இடையில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் தலைமையில் நடந்த வேதாகம மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சேறியது. அதிலே அவருக்குத் துணையாக இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். ஒரு சைவரின் தமிழ் எங்கள் வேதத்துக்குள் இருக்கிறது. உங்கள் வீட்டை நினைத்தபோது எனக்கு இது நினைவுக்கு வந்தது.)

கலாத்தியர் நிருபம் எழுதப்பட்ட காரணமும் உங்கள் கேள்விக்கு மிக அருகில் இருக்கிறது. கிறிஸ்துவை விசுவாசித்தது போதாது, விருத்தசேதனமும் வேண்டும், நாட்களையும் மாதங்களையும் அனுசரிக்கவும் வேண்டும் என்று அந்தச் சபைகளில் சிலர் போதித்தார்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் இருந்து உண்டவர். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. சாதி பார்த்துப் பந்தி பிரித்த ஊரில் பிறந்து, அந்தப் பழக்கம் திருச்சபைக்குள்ளும் நெடுங்காலம் ஒளிந்திருந்ததை அறிந்த எங்களுக்கு, பவுல் ஏன் அவ்வளவு கோபப்பட்டார் என்பது விளங்க வேண்டும். பேதுருவின் உபதேசம் மாறவில்லை. அவர் எழுந்து போன இடம்தான் மாறியது. பவுலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது, ஏனென்றால் விடுதலை இருக்கிறதா இல்லையா என்பது யாரோடு அமர்ந்திருக்கிறோம், யாருக்குப் பயந்து எழுந்து போகிறோம் என்பதில் வெளிப்பட்டுவிடுகிறது.

அடுத்து, சாபம். நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டார் என்று மூன்றாம் அதிகாரம் 13 ஆம் வசனம் சொல்கிறது. தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 ஆம் அதிகாரம் விரிவாகவே வாதாடுகிறது. அறுக்கப்பட்ட கட்டு, பாட்டியின் பாடைக்கு அருகில் நின்றதனால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும் என்றால், அதை அறுத்தவருடைய வல்லமையைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்?

நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் 2 இராஜாக்கள் 5 ஆம் அதிகாரத்தை இன்றிரவு வாசியுங்கள். குஷ்டம் நீங்கிய நாகமான் இனி இஸ்ரவேலின் தேவனை மட்டுமே தொழுவேன் என்கிறான். அதன் பின் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், அப்போது நானும் அங்கே குனிய வேண்டியிருக்கும், இதைக் கர்த்தர் எனக்கு மன்னிப்பாராக. எலிசா அவனுக்கு ஒரு விதிமுறையும் எழுதிக் கொடுக்கவில்லை. “சமாதானத்தோடே போ” என்றார். முதுமையில் ஒருவர் சாய்ந்துகொள்ளக் கை கொடுப்பதற்கும் வணங்குவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கடவுள் அறிவார் என்றே நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

கடலோரத்து விசுவாசி எழுதுகிறார்:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. தங்கை குறிப்பிடுவது போன்ற ஒரு சபையில்தான் நானும் இருக்கிறேன். ஆகையால் மறுபக்கத்தையும் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

என் அண்ணன் பதினைந்து ஆண்டுகள் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்துக்கு அடிமையாக இருந்தவர். வலையை விற்றார், பின்னர் படகின் வெளியிணைப்பு இயந்திரத்தையும் விற்றார், அண்ணியின் நகை எதுவும் மிஞ்சவில்லை. அவருக்கு யாரும் கிரேக்கம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பின்னேரம் கையை வைத்து ஜெபித்தார்கள், அழுதார்; அதன் பின் ஆறு மாதம் ஒவ்வொரு மாலையும் சபைச் சகோதரர் ஒருவர் வந்து அவரோடு இருந்தார். பாவஞ்செய்கிறவன் பாவத்துக்கு அடிமை என்று அதே யோவான் 8 சொல்கிறது. இந்த அடிமைத்தனத்தை ஒரு வீட்டுக்குள் இருந்து பார்த்தவர்களுக்கு, விடுதலை என்பது ஆராய்ச்சிக்குரிய சொல் அல்ல. இரவில் கதவைத் தட்டும் சத்தத்துக்குப் பிள்ளைகள் நடுங்காமல் படுத்திருப்பதுதான் அது.

விதிகளைப் பற்றியும் ஒரு சொல். மதுக்கடைக்கு முன்னால் உள்ள வீதியால் போகாதே என்று அண்ணனுக்குச் சொன்னார்கள். அது விதிதான்; ஆனால் அந்த விதி அவரைக் காப்பாற்றியது. கன்றுக்கு வேலி வேண்டும். “நீங்கள் கர்த்தருடைய பாத்திரத்திலும் பேய்களுடைய பாத்திரத்திலும் பானம்பண்ணக்கூடாதே” என்று எழுதியவரும் பவுல்தான் என்பதை ஆசிரியர் ஐயா சொல்லாமல் விட்டுவிட்டார்.

அப்படியிருந்தும், தங்கையின் கடிதத்தை இரண்டு முறை வாசித்தபின் எனக்கு மனம் கனத்துப் போயிற்று. அண்ணனுக்கிட்ட வேலி அவருக்குத் தெரிந்த ஓர் ஆபத்துக்கு எதிரானது. தங்கைக்கிட்ட வேலிக்கு அப்பால் நின்றவர் அவரை வளர்த்த பாட்டி. இரண்டையும் ஒரே வேலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் கூட்டங்களில் பிசாசைப் பற்றிய பயத்தைப் பேசும் அளவுக்குப் பிதாவைப் பற்றிய நம்பிக்கையைப் பேசுகிறோமா என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகரிடம் கேட்கப் போகிறேன்.

ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர் எழுதுகிறார்:

தம்பி நினைவூட்டியது சரியானது. அந்த வசனத்தையும் நான் சொல்லியிருக்க வேண்டும். அது 1 கொரிந்தியர் 10:21. அதே அதிகாரத்தில் சில வரிகள் தள்ளி, அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்துப் போக மனமிருந்தால், முன்வைக்கப்படுவதை ஒன்றும் விசாரியாமல் புசியுங்கள் என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவருடைய மனச்சாட்சியின் பொருட்டுத் தவிர்த்துவிடுங்கள் என்றும் சொல்கிறார். வழிபாட்டில் பங்கெடுப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அயலாரின் வீட்டில் அமர்வதற்கு அந்த எல்லை இல்லை. ரோமர் 14 இல் இன்னும் ஒன்று உண்டு: மனம் உறுதிப்படாமல் செய்வதே குற்றம். ஆகையால் அந்தப் பிள்ளையைப் பந்தம் பிடி என்று கட்டாயப்படுத்துவதும், கிட்டப் போகாதே என்று கட்டாயப்படுத்துவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

வேலியைப் பற்றிய உங்கள் உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. நியாயப்பிரமாணம் கிறிஸ்துவிடம் நம்மை வழிநடத்துகிற ‘உபாத்தி’ என்று கலாத்தியர் 3:24 சொல்கிறதல்லவா, அங்கே மூலத்தில் இருக்கும் ‘பைடகோகோஸ்’ பாடம் சொல்லிக் கொடுப்பவரல்ல; பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிச் சென்று, ஒழுக்கத்தோடு வளர்க்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட வீட்டு அடிமை. பிள்ளை வளர்ந்தபின் அவர் கையை விட்டுவிடுவார்.

சில்லாலை வாசகர் எழுதுகிறார்:

நான் கத்தோலிக்கன். இந்தக் கேள்வியை எங்கள் ஊர் ஒரு முறை உடலால் வாழ்ந்து பார்த்திருக்கிறது என்பதனால் எழுதுகிறேன்.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் வழிபாடு தடைசெய்யப்பட்டது. அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற்றுத் தோம்பு என்ற பதிவேட்டில் பெயர் பதிந்தவர்களுக்கே உத்தியோகம் என்ற நிலை வந்தது. பெயர்கள் நிரம்பின. ஆனால் ஆங்கிலேயர் 1795 இல் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியதும், பதிந்திருந்த பெருந்தொகையானோர் தத்தம் பழைய வழிபாட்டுக்கே திரும்பிவிட்டார்கள். பயத்தினாலும் பயன் கருதியும் எழுதிய பெயர் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இதைப் பிற சபையாரைக் குறைசொல்ல எழுதவில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் எங்கள் தரப்பிலும் அதிகாரத்தின் நிழலில் மனந்திரும்பியவர்கள் பலர்.

அந்தத் தடைக்காலத்தில், 1687 இல், கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். எங்கள் சில்லாலை அவருக்கு இடம் கொடுத்தது. இரவுகளில் வீடுகளுக்குச் சென்று திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பின்னர் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று ஐயப்பட்டுச் சிறையிலிட்டார்கள்; நாளடைவில் அந்தப் பௌத்த அரசனே அவருக்குப் பணிசெய்ய இடமளித்தான். 1711 இல் கண்டியிலேயே இறந்தார். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் காலிமுகத்திடலில் நின்றேன். அவரைப் பற்றி நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது ஒன்று உண்டு. இலங்கைக்கு வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1677 இல், தன்னை அன்னை மரியாளின் அடிமையாக ஒப்புக்கொடுத்து அவர் ஓர் அடிமைச் சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். ஒல்லாந்தரின் சட்டத்துக்கும் கண்டிச் சிறைக்கும் அஞ்சாமல் நடந்த மனிதர், தன்னை அடிமை என்று எழுதிக் கொடுத்தவர். இந்த இரண்டும் எப்படி ஒருவருக்குள் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு விடை கண்டால், தங்கையின் ‘எதற்காக’ என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் மரபில் புனித அகுஸ்தீன் இதைப் பிரித்துக் காட்டுகிறார். இதையோ அதையோ தெரிவு செய்யும் ஆற்றல் ஒன்று; நன்மையை விரும்பி அதிலே தங்கியிருக்கும் சுதந்திரம் மற்றொன்று. முதலாவது எல்லா மனிதருக்கும் உண்டு. இரண்டாவது அருளினால் வருவது. எதையும் செய்யக்கூடியவனாக நிற்பவனைவிட, அன்பு செய்யாமல் இருக்க முடியாதவனாக ஆகிவிட்டவனே கூடுதலான சுதந்திரம் உள்ளவன். அதனால்தான் பிறர் ஒருவரைப் பயமுறுத்தி நன்மைக்குள் தள்ள முடியாது. சமய விடயத்தில் ஒருவரையும் அவருடைய மனச்சாட்சிக்கு எதிராகச் செயற்படக் கட்டாயப்படுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 இல் அறிவித்தது. மிகவும் பிந்திச் சொல்லப்பட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அயலவர் எழுதுகிறார்:

நான் சைவன்; இந்த இழையில் எழுதலாமோ என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். “நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்” என்று அப்பர் சுவாமிகள் பாடியதை எங்கள் பிள்ளைகள் வீரமாகச் சொல்வார்கள். அதே பாட்டின் முடிவில் அவர் தம்மை இறைவனுக்கு “மீளா ஆள்”, அதாவது என்றும் விடுபடாத அடிமை, என்று சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவருக்கு மீளாத ஆளானதனால்தான் மற்ற ஒருவருக்கும் குடியல்லாமல் அவரால் நிற்க முடிந்தது. சில்லாலை அன்பர் சொன்ன அடிமைச் சாசனத்தை வாசித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் வேதத்தின் பொருள் எனக்குத் தெரியாது. பேர்த்தி வேலியோரம் நின்றாலும் அப்பாச்சிமார் கோபிப்பதில்லை என்பது மட்டும் தெரியும்.

ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர் எழுதுகிறார்:

அயலவர் ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி. ரோமர் 6 இல் பவுல் சொல்வதும் இதற்கு மிக நெருக்கமானது: பாவத்திலிருந்து விடுதலையானீர்கள், தேவனுக்கு அடிமைகளானீர்கள். கலாத்தியர் 5:13 இல் அவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சுயாதீனத்துக்கு அழைக்கப்பட்டீர்கள், “அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்” என்கிற இடத்தில் ஊழியம் என்று வருகிற வினை மூலத்தில் அடிமைவேலை செய்வதைக் குறிக்கும் வினையேதான். நுகத்தைக் கழற்றிய கையோடு அன்பின் நுகத்தைப் பூட்டிக்கொள்ளச் சொல்கிறார். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1520 இல் கிறிஸ்தவன் ஒருவருக்கும் கீழ்ப்படாத சுயாதீன எசமான், அதே வேளையில் எல்லோருக்கும் கீழ்ப்பட்ட பணியாள் என்று எழுதியது இந்த வசனத்தின் வழியே வந்ததுதான். சைவத்திலும் கிறிஸ்தவத்திலும் அருள் என்பதை ஒப்பிட்டு எழுதிய தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன் அவர்கள், இரண்டு மரபுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுகளை மூடி மறைத்தவரல்லர். வேறுபாடு உண்டு, அதை நானும் மறைக்கவில்லை. ஆனால் அயலாரின் வாயிலிருந்து எங்கள் வேதம் எங்களுக்கு விளங்குகிற நாட்களும் உண்டு.

ஒரு தாய் எழுதுகிறார்:

எனக்கு அறுபத்தெட்டு வயது. மகள், நீங்கள் ‘விடுதலை’ என்ற சொல்லைப் பற்றி எழுதிய வரிக்காகத்தான் எழுதுகிறேன். இங்கே மற்றவர்கள் அதைத் தொடாமல் போய்விட்டார்கள்.

1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த இரவில் நானும் மழையில் நடந்தேன். பின்னர் வன்னிக்குப் போனோம். 2009 இல் என் மூத்த மகனைக் கையளித்த இடத்திலிருந்து இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அதன் பின் ஏழெட்டு ஆண்டுகள் நான் ஆராதனைக்குப் போனாலும் கர்த்தருடைய ஜெபத்தில் “மன்னிக்கிறதுபோல” என்ற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். சொன்னால் மகனை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று எண்ணினேன். அந்த வெறுப்பு எனக்குள் இருந்து என் சாப்பாட்டைத் தீர்மானித்தது, நித்திரையைத் தீர்மானித்தது, மிஞ்சியிருந்த இளைய பிள்ளையோடு நான் கதைத்த விதத்தையும் தீர்மானித்தது. என்னைச் சிறைபிடித்தவர்கள் எங்கேயோ நிம்மதியாக இருக்க, நான் அவர்களுக்காகக் காவலிருந்தேன்.

ஆசிரியர் ஐயா விடுதலைக்கும் மன்னிப்புக்கும் ஒரே சொல் என்று எழுதியதை இன்றுதான் அறிகிறேன். ஆனால் அது ஒன்றென்று எனக்கு முன்பே தெரியும். ஒரு பெரிய வெள்ளியன்று அந்த வரியைச் சொன்னேன். அன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து இளையவனுக்குச் சோறு போட்டுவிட்டு அவன் உண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அப்படி அவனை நான் பார்த்து எத்தனையோ ஆண்டுகளாயிருந்தன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மன்னிப்பு என்று சொன்னதும் சிலர் எங்களை வாய்பொத்தச் சொல்வார்கள். நான் நீதியைக் கேட்பதை நிறுத்தவில்லை. 2017 தொடக்கம் வீதியோரத்தில் மகனின் படத்தோடு இருந்த தாய்மாரில் நானும் ஒருத்தி, இன்னும் போகிறேன். முன்பு வெறுப்போடு இருந்தேன், இப்போது மகன்மேலுள்ள அன்போடு இருக்கிறேன். மகள், உங்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான்: வேலியோரம் நின்றதற்காக உங்களை நீங்களே தண்டிப்பதையும் விட்டுவிடுங்கள். அதுவும் ஒரு கட்டுத்தான்.

வழுக்கையாறு எழுதுகிறார்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அம்மா, உங்கள் கடிதத்தை என் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இருவரும் நெடுநேரம் கதைக்காமல் இருந்தோம். உங்கள் மகனின் பெயர் எனக்குத் தெரியாது. தெரியாமலே அவருக்காக ஜெபிக்கிறேன்.

கடலோரத்து அண்ணா, ஜெபக்கூட்டத்தை நான் விட்டுவிடவில்லை. அங்கே எனக்குக் கிடைத்ததை இன்னும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் சாபக்கட்டைப் பற்றி அவர்களிடம் கேள்வி கேட்பேன். முன்பு கேட்கவே பயமாக இருந்தது.

நேற்று முன்தினம் கீரிமலைக்குப் போய் வந்தோம். முதல்நாள் இரவு ரோமர் 8:15 ஐ வாசித்துவிட்டுப் படுத்தேன். “திரும்பவும் பயப்படுகிறதற்கு நீங்கள் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல், அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்” என்ற இடத்தில் வருகிற ‘அப்பா’ என்பது இயேசு பேசிய அரமேய மொழிச் சொல் என்று சிறுவயதில் ஞாயிறு பாடசாலையில் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. எங்கள் சொல்லைப் போலவே இருக்கிறது என்று அன்று நாங்கள் சிரித்தோம்.

கிரியைகளில் நான் பங்கெடுக்கவில்லை. அது என் மனச்சாட்சிக்குச் சரியாக இருந்தது. ஆனால் தூரத்திலும் நிற்கவில்லை. ஐயர் சொன்னபடி அப்பா எல்லாவற்றையும் செய்து முடித்து, தீர்த்தமாடிவிட்டு ஈர வேட்டியோடு படியேறி வந்தபோது கால் சற்று வழுக்கியது. நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு மேலே வந்தார். துவாயைக் கொடுத்தேன். தலையைத் துடைத்துக்கொண்டே, “அப்பாச்சிக்கு நீ பாடிக் காட்டுகிற அந்த ஞாயிறு பாடசாலைப் பாட்டு என்ன?” என்று கேட்டார். வான் வண்டியில் வீடு திரும்பும்போது பாதி வழியில் எனக்கு அது நினைவுக்கு வந்தது, மெதுவாகப் பாடினேன். அன்றிரவு நித்திரை வந்தது.